சம்பந்தி வீட்டார் கை நனைத்த கதை

நெய்வேலி,
ஆனி மாதம், வியாழக்கிழமை.

அன்பு மகன் இளம்பரிதிக்கு அம்மா எழுதிக்கொள்வது. அந்த ஜப்பான் நாட்டு நகோயா ஊர் மழையில் நீ சளி இருமல் இல்லாமல், வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். இங்கே அப்பா, இசைப்பிரியா, நான் மூவரும் சுகம். சுகம் என்றால் உடம்புக்கு. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து என் வயிறு எரிகிறது, அது மருந்துக் கடையில் தீருகிற எரிச்சல் இல்லை. போனில் சொல்லலாம் என்றால் நீ மீட்டிங் என்கிறாய், பேச்சு கொஞ்சம் காரமானால் சிக்னல் விட்டு விட்டு வருதும்மா என்கிறாய். இந்தக் காகிதத்துக்குச் சிக்னல் வேண்டாம். எழுதி முடித்ததும் உன் தங்கையை விட்டுப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்கிறேன், கடைசி வரி வரை படித்துவிட்டு அப்புறம் பேசு.

அப்பாவுக்கு இந்த வாரம் ஃபர்ஸ்ட் ஷிப்ட். மைன்ஸில் ஏறி இறங்கி முட்டி தேய்ந்து முதுகும் பிடித்துக்கொண்டது, தைலம் தேய்த்துவிடு என்று என்னிடம் கேட்கக்கூட வெட்கப்படுகிற மனுஷன், தானே தேய்த்துக்கொண்டு முதுகுப் பக்கம் சட்டையெல்லாம் தைலமாக்கி வைக்கிறார். இசைப்பிரியா பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று காதில் ஏதோ மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், பாட்டா பாடமா என்று கடவுளுக்குத்தான் தெரியும். போன வாரம் அடித்த காற்றில் பின்பக்க முருங்கை முறிந்து பக்கத்துக் குவார்ட்டர்ஸ் வேலி மேல் விழுந்தது. பக்கத்துக் குவார்ட்டர்ஸ் என்றால் உன் வருங்கால மாமனார் வீடுதான். கீரையையும் காயையும் சங்கீதா அம்மா விருத்தாம்பாள் சந்தோஷமாக அள்ளிக்கொண்டு போனாள். பச்சைக் கீரை அல்லவா, அதற்குத் தீட்டு கிடையாது.

நீ சின்ன வயதிலிருந்து பார்த்ததுதான், ஆனால் பார்த்தும் பார்க்காதது போல் வளர்ந்துவிட்டாய் போலிருக்கிறது, அதனால் ஞாபகப்படுத்துகிறேன். ஒவ்வொரு கோடையிலும் பண்ருட்டிப் பக்கம் அவர்கள் ஊரிலிருந்து பலாப்பழம் வரும். விருத்தாம்பாள் சுளையை உரித்துத் தூக்கில் போட்டுக் கொடுத்தனுப்புவாள், நாம் நாக்கைச் சப்புக்கொட்டித் தின்போம். அதே பலா நம் வீட்டுக்கு வந்து நாம் உரித்துக் கொடுத்தால் வாங்க மாட்டாள். "வேணாம் இளம்பரிதி அம்மா, முழுசாவே குடுத்துடுங்க, எங்க வூட்டுல அறுத்துக்கறோம்" என்பாள். முழுப் பழத்துக்குத் தோல் இருக்கிறது, நம் கை படாது. அவள் கொடுத்த தூக்கை வெறுமனே திருப்பித் தரக்கூடாதே என்று நான் இரண்டு வடை போட்டுக் கொடுத்தேன் ஒருமுறை. மறுநாள் அந்த வடையை அவள் வீட்டு வாசலில் காக்கை கொத்திக்கொண்டிருந்ததை என் கண்ணால் பார்த்தேன். அதற்கப்புறம் அவளே வழியும் சொல்லிக் கொடுத்தாள், ஒரு கை சர்க்கரை போட்டுக் குடுங்க போதும், எதுக்குச் செரமம் என்று. எவ்வளவு நல்ல மனசு பார்! இத்தனை வருஷம் நான் அந்தத் தூக்கில் சர்க்கரை போட்டுத் திருப்பிக்கொண்டிருக்கிறேன். அவள் ஒருநாளும் நம்மை ஒரு கெட்ட வார்த்தை சொன்னதில்லை, எனக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். கொடுக்க அவர்களுக்குத் தெரியும். நம் கையிலிருந்து வாங்கத்தான் கை நீளாது.

அவள் வீட்டுக்காரர் வேணு இன்னும் ஒரு படி மேல். மைன்ஸ் கேன்டீனில் அப்பாவும் அவரும் ஒரே டேபிளில் உட்கார்ந்து ஒருவர் தட்டிலிருந்து இன்னொருவர் பஜ்ஜி எடுத்துத் தின்கிறார்கள். ஷிப்ட் முடிந்து குவார்ட்டர்ஸ் தெருவுக்குள் வண்டி திரும்பினால் போதும், அவர் ஊர்க்காரர் ஆகிவிடுவார், அப்பா காலனிக்காரர் ஆகிவிடுவார். நம் வீட்டில் தண்ணீர் கொடுத்தால், இப்பத்தான் குடிச்சிட்டு வந்தேன் என்பார். வெயிலில் சைக்கிள் தள்ளிக்கொண்டு வந்த மனுஷன் எங்கே குடித்துவிட்டு வந்தாராம், ரோட்டுக் குழாயிலா?

அந்த மனுஷன்தான் உனக்குப் பெண் கொடுக்கச் சம்மதித்துவிட்டார் என்று நீ போனில் குதித்தாயே, நானும் சந்தோஷப்பட்டேன், இல்லை என்று சொல்ல மாட்டேன். சங்கீதாவை எனக்குப் பிடிக்கும். ஸ்கூல் விட்டு வந்தால் நேராக நம் அடுப்படிக்குத்தான் வருவாள், குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு வாயைத் துடைத்து, கையை முகர்ந்து பார்த்து, சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அவள் வீட்டுக்குப் போவாள். ஆனால் ஒன்று தெரிந்துகொள், வேணு சம்மதித்தது உனக்கு இல்லை, ஜப்பானுக்கு. நீ சேத்தியாத்தோப்பில் ஏதாவது ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலையில் இருந்துகொண்டு அந்தப் பெண்ணைக் கேட்டிருந்தால் உன் கால் முழுசாக இருந்திருக்காது. அவ்வளவு தூரத்தில் போய் நின்றுகொண்டதால் சாதி அவர்கள் கண்ணுக்குக் கொஞ்சம் மங்கலாகத் தெரிகிறது. நாங்கள் பக்கத்து வீட்டிலேயே இருக்கிறோமே, எங்களை என்ன செய்வது, அதுதான் அவர்களுக்குச் சங்கடம்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை கதைக்கு வருகிறேன். சம்பந்தம் பேசி முடித்தால் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டில் கை நனைக்க வேண்டும், அதுவரை பச்சைத் தண்ணீர் வேண்டாம் என்றாலும் குற்றமில்லை, முடித்த அன்று சாப்பிடாமல் எழுந்தால் பேச்சு முறிந்தது என்று அர்த்தம். இது அவர்கள் ஊரிலும் முறை, நம் தெருவிலும் முறை. அவர்களே நாள் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை வருகிறோம், பேசி முடித்துக் கை நனைச்சிடலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. விருத்தாம்பாள் என் கையால் சாப்பிடப் போகிறாள்! விடியற்காலையில் எழுந்து தலைக்கு ஊற்றிக்கொண்டு சாம்பார், கத்தரிக்காய் வத்தக்குழம்பு, ரசம், மூன்று பொரியல், வடை, சேமியா பாயசம் என்று இழுத்துப் போட்டுக்கொண்டு சமைத்தேன். சித்திரை வெயிலில் நான் உருட்டிக் காயவைத்த வடகத்தைத்தான் வத்தக்குழம்புக்குத் தாளித்தேன், வாசனை தெருமுனை வரை போனது. அப்பா வாழை இலை வாங்கிவந்து துடைத்துத் துடைத்து வைத்தார், இவ்வளவு துடைத்தால் இலை கிழியும் என்று இசைப்பிரியா கேலி செய்தாள்.

வந்தார்கள். வேணு, விருத்தாம்பாள், மகன் பிரவின்குமார். முறைப்படி பெண் வரவில்லை. தட்டு மாற்றி, ஆவணியில் கல்யாணம் என்று நாள் குறித்து, எல்லாம் நல்லபடியாக முடிந்தது. நான் இலை போடலாமா என்று எழுந்தேன். வேணு கையமர்த்தி, "நீங்க ஒக்காருங்கம்மா, ஒங்களுக்கு எதுக்கு செரமம், எல்லாம் ஆர்டர் பண்ணிக்கினுதான் வந்தோம்" என்றார். பிரவின்குமார் வாசலுக்குப் போனான், பை பையாகத் தூக்கிக்கொண்டு வந்தான். ஹோட்டல் சாப்பாடு! என் வீட்டில், என் இலையில், நான் சமைத்ததை மூடி வைத்துவிட்டு ஹோட்டல் சாப்பாட்டைப் பரிமாறி, அதைத் தின்றுவிட்டுக் கை நனைத்ததாகக் கணக்குக் காட்டப் பார்க்கிறார்கள். முறையும் கெடக்கூடாது, வாயும் படக்கூடாது. இதை யோசிக்க எத்தனை பேர் கூடி உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்துப் பார், சீ, இந்த மூளையை வேறெதற்காவது செலவழித்திருந்தால் ஊருக்கு நல்லதாவது நடந்திருக்கும்.

நான் வாயைத் திறக்கப் போனேன், அப்போதுதான் அந்தப் பையில் அச்சடித்திருந்த ஹோட்டல் பெயரைப் பார்த்தேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஹோட்டல். அங்கே பின்னால் அடுப்படியில் மாஸ்டர் யார் என்று உனக்குத் தெரியுமே. திருப்பூரிலிருந்து திரும்பி வந்ததிலிருந்து என் தம்பி, உன் தாய்மாமன் கலியன்தானே அங்கே வேகிறான். முதலாளி எல்லாம் தெரிந்தவர்தான், சாப்பிட வருகிறவர்களுக்குத் தெரிய வேண்டாம் என்று அவனை முன்பக்கம் வரவிடுவதில்லை. விருத்தாம்பாள் பொட்டலத்தைப் பிரித்து வத்தக்குழம்பை ஊற்றினாள், பரிதி, சத்தியமாகச் சொல்கிறேன், என் வடகத்தின் வாசனை. கடை வடகம் நன்றாயில்லை என்று கலியன் என்னிடமிருந்து ஒரு டப்பா நிறைய வாங்கிக்கொண்டு போனானே, அதுதான். வெந்தயத்தை நான் வறுக்கிற பக்குவம் எனக்குத் தெரியாதா? அடுப்பு மேல் மூடிவைத்த சட்டியிலும் அதே வாசனை, இலையிலும் அதே வாசனை. வேணு விரலை நக்கி நக்கிச் சாப்பிட்டார். "கைப்பக்குவம்னா இதாங்க. வூட்டுல இந்த ருசி வராது" என்று விருத்தாம்பாளை ஒரு பார்வை வேறு பார்த்தார். அவளும் இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டாள். இசைப்பிரியா பாத்ரூமுக்குள் ஓடிப்போய்க் குழாயைத் திறந்துவிட்டுச் சிரித்தாள், அழுதாளோ என்னவோ, கண் சிவந்துதான் வெளியே வந்தாள். உன் அப்பாவுக்குப் போட்ட இலையில் ஹோட்டல் சாதத்தை வைக்க வந்தபோது கையை நீட்டி மறைத்தார், எழுந்து அடுப்படிக்குப் போய் என் சட்டியிலிருந்து தானே போட்டுக்கொண்டு வந்து அவர்கள் எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார். இருபத்தைந்து வருஷமாக இந்த மனுஷனுக்கு முதுகெலும்பு இல்லை என்று திட்டிக்கொண்டிருந்தேன், அன்றைக்கு மட்டும் திட்டவில்லை.

சொல்லியிருக்கலாம். "அந்தக் குழம்பு வைத்தது என் தம்பி, வடகம் உருட்டியது நான்" என்று சொல்லியிருந்தால் தொண்டையில் சிக்கியிருக்கும் இருவருக்கும். கலியன் வேலைக்கு உலை வைத்துவிடக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அது ஒன்று. இன்னொன்று, தெரியாமல் தின்றதை நான் கை நனைத்ததாக எடுத்துக்கொள்ள மாட்டேன். தெரிந்து வந்து உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம் போடு என்று கேட்டுச் சாப்பிட்டால்தான் எனக்குச் சம்பந்தி.

கையைக் கழுவிய பிறகுதான் வேணு உள்ளே இருந்ததை வெளியே எடுத்தார். பத்திரிகையில் நம் ஊர்ப் பெயர் வேண்டாமாம், டவுன்ஷிப் விலாசம் மட்டும் போட்டால் நாகரிகமாக இருக்குமாம். திருவதிகை கோயிலில் தாலி, பண்ருட்டி மண்டபத்தில் சாப்பாடு, அதற்கு நம் பக்கத்திலிருந்து அப்பா, நான், இசைப்பிரியா வந்தால் போதுமாம், நம் ஆட்களுக்கு இன்னொரு நாள் தனியாக ரிசப்ஷன் வைத்துக்கொள்ளலாமாம். "மாமன் மால போட்டு மேடைக்கு அழைக்கிறது இதெல்லாம் வேணாம்மா. எங்க பங்காளிங்க வந்து நிப்பாங்க, யாரு என்னான்னு கேப்பாங்க" என்றார். மாப்பிள்ளைக்குத் தாய்மாமன் இல்லாமல் எந்த ஊரில் கல்யாணம் நடக்கிறது, உங்கள் ஊரில் நடக்குமா என்று கேட்டேன். அப்போது சொன்னார் அந்த வார்த்தையை. "மாப்பிள்ளைகிட்ட பேசிட்டோம், அவரு ஒத்துக்கிட்டாரு." எனக்கு யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை, அவர் மேலா, என் வயிற்றின் மேலா?

அன்று சாயங்காலம் உனக்குப் போன் செய்தால் நீ என்ன சொன்னாய்? "அவங்க நல்லவங்கதாம்மா, பழக்கம் அப்படி, ஒருநாள் கூத்துதானே, அனுசரிச்சுக்கோ" என்றாய். பழக்கமாம் பழக்கம்! அங்கே பச்சை மீனை ஊர் பேர் தெரியாதவர்களோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து தின்று போட்டோ போடுகிறாய், அது உனக்கு ஒரே வருஷத்தில் பழகிவிட்டது. பக்கத்து வீட்டு வேணுவுக்கு மட்டும் என் சோறு பழக ஒரு ஜென்மம் வேண்டுமோ? அவர்களுடைய பழக்கம் என்றால் மதிக்க வேண்டும், நம்முடைய முறை என்றால் விட்டுவிட வேண்டும், இதுதான் அவ்வளவு படித்து நீ தெரிந்துகொண்டது என்றால் அந்தப் படிப்பைக் கொண்டுபோய் மைன்ஸ் மண்மேட்டில் கொட்டு. விருத்தாம்பாளாவது தனக்குத் தெரிந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறாள், அறியாமை என்று விடலாம். நீ எல்லாம் தெரிந்து, வெட்கப்பட்டு, ஒத்துக்கொண்டாயே, உன்னை என்னவென்று சொல்வது? எனக்கு அருவருப்பாக இருக்கிறது பரிதி. பெற்ற பிள்ளைக்கு இந்த வார்த்தையை எழுதுவேன் என்று நான் நினைக்கவில்லை, ஆனாலும் அதை அடித்துத் திருத்த மாட்டேன், அப்படியே இருக்கட்டும்.

திங்கட்கிழமை சங்கீதா வந்தாள். பழைய வழக்கப்படி பின்கதவு வழியாக வந்து, அத்தை பசிக்குது என்றாள். மிச்சம் இருந்த வத்தக்குழம்பைச் சூடாக்கி ஊற்றினேன். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "நேத்து அப்பா பொட்டலத்துல மிச்சத்தக் கொண்டாந்தாரு அத்த, ஓட்டல் கொழம்பு அமிர்தம்னு சொன்னாரு. அதுவும் இதுவும் ஒண்ணாத்தான இருக்கு" என்றாள். என் கையால் சாப்பிட்டு வளர்ந்த பெண்ணிடம் என்ன மறைப்பது, சொல்லிவிட்டேன். கலியனைப் பற்றியும் சொன்னேன், மேடைக்கு அவன் வரக்கூடாது என்று அவள் அப்பா சொன்னதையும், நீ ஒத்துக்கொண்டதையும் சொன்னேன். மேடை விஷயம் அவளுக்குத் தெரிந்திருந்தது, வீட்டில் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாளாம். நீ ஒத்துக்கொண்டது தெரியாது. அப்பா பிடிவாதம் பிடிக்கிறார், இளம்பரிதி விடவே மாட்டார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாளாம். தட்டைக் கழுவி வைத்துவிட்டு இந்த முறை முன்வாசல் வழியாகப் போனாள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவவில்லை, வாயைத் துடைக்கவில்லை. நாலு நாளாக அவள் உன் போனை எடுக்கவில்லை என்று இசைப்பிரியாவிடம் புலம்பினாயாமே, ஏன் என்று இப்போது தெரிந்திருக்கும்.

இத்தோடு முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். நேற்று கலியன் போன் செய்தான். ஆவணியில் உன் கல்யாணம் என்றும் நாள் இன்னது என்றும் மட்டும் அவனிடம் சொல்லியிருந்தேன், மற்றதைச் சொல்ல என் நாக்கு எழவில்லை. அவன் ஒரே சிரிப்பு. "அக்கா, ஒரு கூத்தக் கேளு. அதே நாள்ல பண்ருட்டியில ஒரு பெரிய ஆர்டர் வந்திருக்கு. டவுன்ஷிப்காரரு ஒருத்தராம், நம்ம வத்தக்கொழம்ப சாப்புட்டு மயங்கிட்டாராம், பொண்ணு கல்யாணத்துக்கு அந்த மாஸ்டர்தான் வரணும்னு ஓனருகிட்ட ஒத்தக்கால்ல நிக்கறாராம். நான் முடியவே முடியாதுன்னுட்டேன். எங்க அக்கா மவன் கல்யாணம், மாமன் நான் போயி மால போட்டுத்தான் அவன் மேடையே ஏறணும், ஒங்க ஆர்டர வேற யார வச்சாவது பாருங்கன்னு சொல்லிட்டேன்" என்றான். நமக்கு எந்த மண்டபம் அக்கா என்று கேட்டான். இன்னும் முடிவாகலடா என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். அவன் வேண்டாம் என்று தள்ளியதும் உன் கல்யாணம்தான், ஓடி வருகிறேன் என்று நிற்பதும் உன் கல்யாணம்தான். அது அவனுக்குத் தெரியாது. மேடையில் நிற்க அவன் ஆகாது, அண்டா அடியில் நின்று வேக அவன்தான் வேண்டும். உனக்குக் காது குத்தும்போது அவன் மடியில் உட்கார்ந்து வலி தாங்காமல் அவன் கையைக் கடித்தாய், அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது, அந்தக் கையால்தான் கரண்டி பிடிக்கிறான்.

நான் வேணுவிடம் போய்ச் சண்டை போடப் போவதில்லை, அந்த ஆளோடு பேச எனக்கு எச்சில் வீண். அப்பாவும் இப்போது அவரோடு ஒரே டேபிளில் உட்காருவதில்லையாம். கல்யாணம் வேண்டாம் என்றும் சொல்லமாட்டேன், உன்னைச் சபிக்கவும் மாட்டேன். சங்கீதாவுக்கு என் அடுப்படி எப்போதும் திறந்துதான் இருக்கும், நீ வந்தாலும் வராவிட்டாலும். ஒன்று மட்டும் செய். கலியனுக்கு நீ போன் பண்ணு. மேடைக்கு வா மாமா என்று கூப்பிடு, அல்லது அடுப்படிக்கு வா மாமா என்று கூப்பிடு. எதைச் சொன்னாலும் உன் வாயால் சொல், என் வாயால் என் தம்பியிடம் அதைச் சொல்ல வைக்காதே.

உடம்பைப் பார்த்துக்கொள். ராத்திரியில் தயிர் சேர்க்காதே. மழையில் நனைந்த தலையோடு படுக்காதே. நீ தலை நிமிர்ந்து நல்லபடியாக வாழ வேண்டும், அதைத்தான் நான் எந்தச் சாமியிடமும் கேட்பேன். மறந்துவிடாதே, மாமன் மோதிரத்துக்கு உன் விரல் அளவு கேட்டுக்கொண்டே இருக்கிறான் கலியன். நூலைச் சுற்றி அளந்து அவனிடமே சொல்.

இப்படிக்கு,
கலியனின் அக்காவும் உன் அம்மாவுமான
தனம்